அப்பாவின் ஸ்கூட்டரும் ஆறு லட்சம் ரூபாய் செயலியும்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு 29 வயது. சொந்த ஊர் பாளையங்கோட்டை. பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம் அப்பா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நேரத்தில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. 66 வயதில் மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டே போயிருக்கிறார். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியும் இதே தொல்லைதான். அப்போது தோன்றிய யோசனை இது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட மெக்கானிக்குகள் எல்லோரையும் ஒரு செயலியில் சேர்ப்பது. செயலியில் பதிவு செய்தால் 30 நிமிடத்தில் வீட்டுக்கே வந்து பைக், கார் இரண்டையும் பழுதுபார்ப்பது. பில்லில் எங்களுக்கு 20 சதவீதம். செயலி செய்து தர ஒரு நிறுவனம் 6 லட்சம் கேட்கிறது. என் சேமிப்பு 14 லட்சம். இது ஓடுமா? 20 சதவீதம் சரியா? வேலையை விடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பி,

நான் 23 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஒரு டூவீலர் டீலரிடம் சர்வீஸ் அட்வைசர், அப்புறம் வண்ணார்பேட்டையில் சொந்த ஒர்க்‌ஷாப். இப்போது ஒர்க்‌ஷாப் வைக்க வருகிறவர்களுக்குத் திட்ட அறிக்கையும் போட்டுக் கொடுக்கிறேன். அதனால் கறாராகவே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருக்கிற வடிவத்தில் இது நம் ஊரில் ஓடாது. ஆறு லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் உங்கள் கடிதத்துக்குள்ளேயே ஓடக்கூடிய தொழில் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் இது ஓடாது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால்தான் மற்றது புரியும்.

நெல்லையில் மெக்கானிக் கிடைக்காமல் தவிப்பது யார்? பெங்களூரில் புது ஏரியாவுக்குக் குடிபோனால் யாரையும் தெரியாது, போனைத்தான் தடவ வேண்டும். இங்கே மேலப்பாளையத்துக்காரருக்கு மேலப்பாளையத்தில், பேட்டைக்காரருக்குப் பேட்டையில் 'நம்ம மெக்கானிக்' என்று ஒருவர் இருக்கிறார். கையில் காசு இல்லையென்றால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார். வீட்டில் விசேஷம் என்றால் அவருக்கும் பத்திரிகை போகும். வாட்ஸ்அப்பில் 'அண்ணாச்சி, வண்டி இழுக்க மாட்டேங்குது' என்று ஒரு குரல் பதிவு அனுப்பினால் சாயங்காலம் பையனை அனுப்பி எடுத்துக்கொள்வார். நீங்கள் செயலியில் செய்து தரப்போவதில் பாதியை அவர் ஏற்கெனவே காசில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஜங்ஷன், மீனாட்சிபுரம், கைலாசபுரம் பக்கமெல்லாம் தெருவில் நின்ற வண்டிகள் முழுகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் குட்டியானைகளில் ஏற்றி வந்து என் கடை வாசலில் இறக்கினார்கள். ஒவ்வொருவரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி, "செல்ஃப் போட்டுப் பாத்தீங்களா?" போடாமல் அப்படியே கொண்டுவந்த வண்டிகள் பிழைத்தன. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். அடியில் டிரெயின் நட்டைத் திறந்தால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இறங்கும். புது ஆயில் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்து, மறுபடி புது ஆயில். இப்படி இரண்டு, மூன்று தடவை. உள்ளே தண்ணீரை வைத்துக்கொண்டே செல்ஃப் அடித்தவர்களில் சிலருக்கு இன்ஜினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடே வளைந்திருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊரில் அத்தனை வண்டி ஒரே நேரத்தில் நின்றுபோன அந்த வாரத்தில்கூட மக்கள் தேடிப் போனது தெரிந்த ஆளைத்தான். நாங்களும் பழைய வாடிக்கைக்காரர்களின் வண்டியைத்தான் முதலில் எடுத்தோம். நாளைக்கு இப்படி ஒரு அவசரம் வந்தால் உங்கள் செயலியில் பதிவான மெக்கானிக் செயலியில் வந்த ஆளைக் கவனிப்பாரா, பத்து வருடமாக வரும் ஆளைக் கவனிப்பாரா?

அடுத்து, இரண்டாவது தடவை என்ன ஆகும் என்பது. செயலி வழியாக ஒரு மெக்கானிக் பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறார். வேலை நன்றாக இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, அடுத்த தடவ ஆப்புல எல்லாம் போடாதீய. எனக்கே ஒரு போன் அடிங்க, நூறு ரூவா கொறச்சுக்கிடலாம்" என்பார். வீட்டுக்காரருக்கு நூறு ரூபாய் மிச்சம், மெக்கானிக்குக் கமிஷன் மிச்சம். அதில் துரோகம் எதுவும் இல்லை. அவர்கள் இருவரையும் அறிமுகப்படுத்தியதோடு உங்கள் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் ஆர்டருக்கு விளம்பரச் செலவும் தள்ளுபடியும் உங்களுடையது. லாபம் வர வேண்டிய இரண்டாவது, மூன்றாவது ஆர்டர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டாக்சிச் செயலியில் ஒவ்வொரு தடவையும் வேறு டிரைவர் வந்தால் யாருக்கும் கவலையில்லை. வண்டி விஷயத்தில் போன தடவை கைவைத்த ஆளே வர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

மறுபக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் வெளியூர் நிறுவனம் ஒன்று தன் செயலியில் என் கடையைச் சேர்த்துக்கொண்டது. கார்கள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அறிவித்த தள்ளுபடியில் பாதி என் தலையில் விழுந்தது. பணம் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. ஸ்பேர்ஸ் கடைக்காரருக்கு நான் வாரக் கணக்கு. அவர் எனக்காக ஒன்றரை மாதம் பொறுப்பாரா? நான்காவது மாதம் விலகிவிட்டேன். உங்களோடு சேரப்போகும் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் இதைத்தான் முதலில் யோசிப்பார்.

கோமெக்கானிக் கதையைப் படித்திருப்பீர்கள். செயலி வழியாகக் கார் சர்வீஸ் செய்து தர 2016-ல் குருகிராமில் தொடங்கிப் பெரிய முதலீட்டாளர்களின் பணத்தில் பல நகரங்களுக்குப் பரவிய நிறுவனம். 2023 ஜனவரியில் கணக்கு அறிக்கைகளில் தவறு நடந்ததாக நிறுவனர் தரப்பே ஒப்புக்கொண்டது. ஏறக்குறைய 70 சதவீத ஊழியர்களுக்கு வேலை போனது. இரண்டே மாதத்தில் நிறுவனம் கைமாறியது. அங்கே இருந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வளர்ச்சி காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் மாட்டிக்கொண்டார்கள். 14 லட்சத்தோடு மூன்று மாவட்டத்தை ஒரே நேரத்தில் பிடிக்க நினைத்தால் நீங்களும் அந்த நெருக்கடிக்குள் போவீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே வருவது என் அனுபவத்தில் போட்ட உத்தேசக் கணக்கு. உங்கள் பகுதியில் பத்துக் கடைகளில் விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். போடும் முறை மட்டும் இதுவாக இருக்கட்டும்.

ஒரு பைக் சர்வீஸ், பில் 1,000 ரூபாய். ஆயில், பிளக், ஃபில்டர் வாங்கும் விலை 500 போய்விடும். வீட்டுக்கு வந்து செய்கிற மெக்கானிக்குக் குறைந்தது 300 கொடுக்க வேண்டும். தன் கடையில் உட்கார்ந்தபடி அதே நேரத்தில் அவர் இரண்டு வண்டி பார்ப்பார், அதற்கும் குறைவாகக் கொடுத்தால் வரமாட்டார். போய்வரும் பெட்ரோல் 40. ஜிஎஸ்டி 18 சதவீதம் பில்லுக்குள்ளேயே இருந்தால், வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்து 76 ரூபாய் போகும். மிச்சம் 84 ரூபாய். நீங்கள் கேட்ட 20 சதவீதம், அதாவது 200 ரூபாய், இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. ஆயிலுக்கும் ஸ்பேர்ஸுக்கும் சேர்த்து மொத்த பில்லில் கமிஷன் கேட்டால் மெக்கானிக் ஒன்று விலையை ஏற்றுவார், இல்லையென்றால் டூப்ளிகேட் சாமான் போடுவார். இரண்டிலும் கெடுவது உங்கள் பெயர்தான்.

இந்த 84 ரூபாயை வைத்து மாதச் செலவைத் தாங்க வேண்டும். போன் எடுக்க ஒரு ஆள் 14,000, செயலி பராமரிப்பு 8,000, விளம்பரம் 10,000, சின்ன அலுவலகம் 6,000, உங்கள் குடும்பச் செலவுக்கு 25,000. மொத்தம் 63,000. வகுத்தால் மாதம் 750 சர்வீஸ். 26 வேலை நாளில் தினம் 29 வண்டி. வீடு வீடாகப் போகிற மெக்கானிக் நாளைக்கு நான்கு வண்டிதான் பார்க்க முடியும் என்பதால், ஏழெட்டு மெக்கானிக்குகள் தினமும் சும்மா இருக்காமல் ஓட வேண்டும். ஒரு பைக் வருடத்துக்கு மூன்று சர்வீஸ் என்று வைத்தால் 3,000 வண்டிகள் நிரந்தரமாக உங்களிடமே வர வேண்டும். அதுவும் 'எனக்கே போன் அடிங்க' என்று மெக்கானிக் சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில்.

ஆரம்பத்தில் ஜிஎஸ்டி கட்ட வேண்டாமே என்று கேட்கலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக வேண்டாம். ஆனால் பில் 1,000 என்றால் மாதம் 166 சர்வீஸிலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் குடும்பம் நடத்த முடியாது, மேலே போனால் ஜிஎஸ்டி இல்லாமல் நின்ற 160 ரூபாய் மிச்சம் 84 ஆகிவிடும்.

காரில் கொஞ்சம் சதை உண்டு. லிஃப்ட் இல்லாமல் காரை வீட்டு வாசலில் ஒழுங்காக சர்வீஸ் செய்ய முடியாது, அதனால் எடுத்துப்போய்க் கொண்டுவந்து விட வேண்டும். 6,000 ரூபாய் பில்லில் ஒர்க்‌ஷாப் 10 சதவீதம் தந்தால் 600. டிரைவருக்கு 200, கமிஷனுக்கு ஜிஎஸ்டி 92. மிச்சம் 308. மூன்றரை பைக்குக்கு மேல் ஒரே காரில் வந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

அந்த 30 நிமிட வாக்குறுதியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் அடைத்திருந்தால் மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வரவே அரை மணி ஆகும், அது உங்களுக்கே தெரியும். அம்பாசமுத்திரமும் வள்ளியூரும் பேச்சுக்கே இல்லை. நான்குவழிச் சாலையில் நிற்கும் வண்டிகளைப் பிடிக்கலாம் என்று நினைத்தீர்களானால், அங்கே தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 உதவி எண் இருக்கிறது. புது வண்டிக்குக் கம்பெனியும் இன்சூரன்ஸும் ரோட்டோர உதவி கொடுக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றடைப்பில் நிற்கும் காருக்கு ஆள் அனுப்ப, மூன்று ஷிஃப்ட் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

இதோடு, வரும் வருடங்களில் வண்டியே மாறிக்கொண்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்பது எல்லாம் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த வண்டிகள். கார்பரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் சென்சார்களும் வந்துவிட்டன. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தால் காதை வைத்து இன்ஜின் சத்தம் கேட்டுக் கண்டுபிடித்த நம் பழைய கைகள் திணறுகின்றன. கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் கருவி இல்லாததால் யூகத்தில் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிறார்கள். காசு வண்டிக்காரருக்குப் போகிறது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இன்ஜின் ஆயிலே கிடையாது. பக்கத்தில் தூத்துக்குடியிலேயே 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் ஆலை திறந்துவிட்டார்கள். ஆயில் மாற்றுவதையே நம்பிப் பத்து வருடத் திட்டம் போடாதீர்கள்.

இங்கே ஒரு இடைவெளி இருப்பதையும் சொல்ல வேண்டும். நான்கைந்து மெக்கானிக்குகளுக்குப் பொதுவாக, ஸ்கேனரோடு போய்க் கோளாறு என்னவென்று பார்த்துச் சொல்லிவிட்டு வருகிற ஒரு நல்ல டெக்னீஷியன் நம் ஊருக்கு மிகவும் தேவை. அவர் மெக்கானிக்கின் வாடிக்கையைப் பறிக்கமாட்டார் என்பதால் கூப்பிட யாரும் தயங்கமாட்டார்கள். பேட்டை அரசு ஐடிஐ-யில் படித்துவிட்டு வரும் பையன்களில் ஆர்வமுள்ளவனைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தால் ஆறு மாதத்தில் தயாராகிவிடுவான். இதை உங்கள் தொழிலின் இரண்டாவது காலாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது முதல் காலுக்கு வருகிறேன். போன வைகாசியில் மகாராஜநகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், மகன் மஸ்கட்டில். வேப்பமரத்தடியில் நான்கு மாதமாகக் கார் நின்றிருக்கிறது. பேட்டரி செத்துப்போயிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. தேங்காய் நார், பிஸ்கட் கவர், பானெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சைக் கிழித்துப் போட்ட மெத்தை. பக்கத்து வயரில் மேல்தோலைக் கடித்துச் செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. பின் டயர் இரண்டும் தரையில் அமுங்கி ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. இன்சூரன்ஸ் முடிந்து இருபது நாள். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் ஆனது.

சார் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பையன் ஞாயித்துக்கிழமதோறும் போன்ல கேப்பான், வண்டிய ஸ்டார்ட் பண்ணினீங்களான்னு. பண்ணினேம்பேன். கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கப் பயமா இருக்கு. அத அவங்கிட்ட சொல்ல மனசில்ல."

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வந்தது. பெருமாள்புரம், மகாராஜநகர், என்ஜிஓ காலனி, கேடிசி நகர், சாந்திநகர் என்று பாளையங்கோட்டையைச் சுற்றி இப்படி எத்தனை வீடுகள்! பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வளைகுடாவில். வண்டி இங்கே. அதைப் பார்த்துக்கொள்ள வயதான அப்பாவோ தனியாக இருக்கும் அம்மாவோ. இவர்களுக்கும் மெக்கானிக்கைத் தெரியும். வண்டியை அவரிடம் கொண்டுபோகத் தெம்பு இல்லை, சொன்ன விலை சரிதானா என்று கேட்க ஆள் இல்லை, தேதிகளை நினைவில் வைக்க முடியவில்லை. இந்தக் கவலைக்குக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர் வெளியூரில் இருக்கும் மகனோ மகளோதான். அந்த வாடிக்கையாளர் யாரென்று கேட்டால், நீங்களேதான் தம்பி. அப்பா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு, 'மாதம் 500 கொடுத்தால் இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் நீங்கள் யோசித்திருப்பீர்களா?

இதையே தொழிலாக வையுங்கள். காருக்கு வருடம் 6,000 ரூபாய், முன்பணமாக. மாதம் ஒரு தடவை ஆள் வீட்டுக்குப் போவார். ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சத் தூரம் ஓட்டி, டயர் காற்று, பேட்டரி, பிரேக், கூலன்ட், எலித்தடம் எல்லாம் பார்த்து, ஐந்தாறு போட்டோவும் ஒரு சின்ன வீடியோவும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், 15 வருடம் ஆன வண்டி என்றால் ஆர்சி புதுப்பிப்பு என்று எந்தத் தேதியும் தப்பக் கூடாது. சர்வீஸ் வேண்டுமென்றால் அவர்களின் பழைய ஒர்க்‌ஷாப்புக்கே எடுத்துப்போய்க் கொண்டுவந்து விடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வைத்துப் போட்டோ எடுத்து, பில்லோடு அனுப்புங்கள்.

கணக்கைப் பாருங்கள். இந்த வேலையில் ஒரு ஆள் நாளைக்கு எட்டு வீடு போகலாம், 25 நாளில் 200 வீடு. மாதம் 500 வீதம் ஒரு லட்சம் வரவு. ஆளுக்குச் சம்பளம் 20,000, பெட்ரோல் 5,000 போக 75,000 நிற்கும். சர்வீஸ் பில்லை ஒர்க்‌ஷாப்பே நேராக வாடிக்கையாளர் பெயரில் போடட்டும், உங்கள் கணக்கில் கமிஷன் மட்டும் வரட்டும். அப்படியென்றால் வருட வரவு 12 லட்சத்தோடு கொஞ்சம் கமிஷன்தான். 20 லட்சத்துக்குக் கீழே. இதை ஒரு ஆடிட்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். அந்த வழியில் 3,000 வண்டிகளைப் பிடிக்க வேண்டியிருந்தது, இந்த வழியில் 200 வீடுகள். மெக்கானிக் உங்களைத் தாண்டிப் போகிற பிரச்சினையும் பெரிதாக இல்லை, ஏனென்றால் பணம் கொடுப்பவர் வாங்குவது ரிப்பேரை இல்லை, தனக்குப் பதிலாக ஒருவர் நேரில் நின்று பார்த்துச் சொல்வதை.

200 வீடு சும்மா வந்துவிடாது. அதற்கு உங்களுக்கு விளம்பரத்தைவிடப் பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸ்அப் குழு பயன்படும். பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக ஊருக்கு வருவார்கள். சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்த கார், திரும்பிப் போகும் முன் டயரையும் பிரேக்கையும் ஒருவர் பார்த்துச் சொன்னால் அவர்களுக்கு நிம்மதி. அந்த நான்கு நாள் உங்களுக்கு நூறு வீட்டு அறிமுகம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வாட்டர் வாஷுக்கு வரிசை நிற்கும். ஆனால் அதே சமயத்தில் குலசை தசராவுக்கு மாலை போட்டு வேஷம் கட்டப் பட்டறைப் பையன்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். யார் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுக்கவும் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அடுத்தவர் வீட்டு வண்டிச் சாவியை வாங்குகிறீர்கள். எடுக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர், பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்பதுவரை. ஓட்டுகிறவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ், வண்டிக்கு உயிருள்ள இன்சூரன்ஸ் இரண்டும் இருந்தால்தான் சக்கரம் உருள வேண்டும். இன்சூரன்ஸ் முடிந்திருந்தால் கேட்டைத் தாண்டாதீர்கள், வயதானவர் எவ்வளவு வற்புறுத்தினாலும். வேலைக்கு வைக்கிற பையனை முதல் மூன்று மாதம், ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்களே கூட்டிப்போய் ஒவ்வொரு வீட்டிலும் அறிமுகம் செய்யுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்களுக்கு, இன்ன நாள், இன்ன நேரம், இன்னார் வருகிறார் என்று முதல் நாளே போன் போக வேண்டும். ஆயில் மாற்ற நேர்ந்தால் பழைய ஆயில் ஒரு சொட்டும் அவர்கள் வாசலிலோ சாக்கடையிலோ போகக் கூடாது. அது அபாயக் கழிவு. சேர்த்துவைத்து உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பையனை ஓட்டுநர்கள் மற்றும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கான தமிழக அரசின் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். விபத்து என்று ஒன்று வந்தால் அவன் குடும்பத்துக்கு அது கைகொடுக்கும்.

அரசு உதவி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் நாளே செய்துவிடுங்கள். மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் திட்டம் இருக்கிறது. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 10 லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு 25 சதவீத மானியம். புதுத் தொழில்களுக்கு உதவும் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்குத் திருநெல்வேலியிலேயே வட்டார மையம் உண்டு, போய்ப் பேசுங்கள். ஆனால் மானியத்துக்காகத் திட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். இன்றைக்கு உங்களுக்குக் கடன் தேவையே இல்லை.

வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நம்பிக்கையான ஒருவரை, பட்டறை அனுபவம் உள்ளவராக, மாதச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். தனி போன் நம்பர், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கு, ஒரு எக்செல் தாள், டயர் காற்று அளக்கும் மானி, மல்டிமீட்டர், ஜம்பர் கேபிள். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சத்துக்குள் முடியும். பாளையங்கோட்டைக்குள் மட்டும். நண்பர்கள், உடன் வேலை பார்ப்பவர்கள், அவர்கள் நண்பர்கள் என்று கேட்டு, வருடப் பணத்தை முழுசாக முன்கூட்டியே கொடுக்கும் 20 வீடுகளைப் பிடியுங்கள். 'நல்ல யோசனை மச்சான், ஆரம்பி, பாத்துக்கலாம்' என்று சொல்பவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் கொடுத்தவர்தான் கணக்கு. மூன்று மாதத்தில் 20 பேர் கிடைக்கவில்லையென்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள். உங்களுக்கு ஒன்றேகால் லட்சம்தான் போயிருக்கும். 20 கிடைத்து, அதில் ஐந்து பேராவது தாங்களாகவே இன்னொரு வீட்டை அனுப்பிவைத்தால் தொடர்ந்து வீடுகளைச் சேருங்கள். 100 வீட்டைத் தாண்டும்போது வேலையை விடுவது பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள். செயலியும் அப்போதுதான். அதுவும் நீங்களே எழுதக்கூடியவர்; அந்த 100 வீடும் என்னென்ன கேட்கிறது என்று தெரிந்தபிறகு எழுதினால் வேண்டாத பக்கங்கள் பாதி குறைந்துவிடும்.

கடைசியாக அப்பாவின் ஸ்கூட்டர். ஒரு வருடத்தில் இரண்டு பேட்டரி போவது பேட்டரியின் குற்றமாக இருக்காது. அவர் பக்கத்தில் கடைக்குப் போய்வர மட்டும் எடுக்கிறார் என்றால், செல்ஃப் இழுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. அல்லது சார்ஜே சரியாக ஏறவில்லை. இந்த வாரமே மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.5 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5-க்கு மேல் 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-ஐத் தாண்டவில்லையென்றால் ரெகுலேட்டர், ஸ்டேட்டர் காயில், எர்த் வயர் மூன்றையும் பார்க்கட்டும். 15-க்கு மேல் போனாலும் ரெகுலேட்டர்தான், அது பேட்டரியைக் கொதிக்க வைத்தே கொன்றுவிடும். மூன்றாவது பேட்டரி வாங்க வேண்டாம். அதுவரை காலையில் செல்ஃபைத் தொடாமல் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கிக்கரில் ஸ்டார்ட் பண்ணலாம், வண்டியில் கிக்கர் இருந்தால். ஆனால் 66 வயதுக்காரரை மிதிக்க விடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.